எனக்குச் சம்மதமில்லை, சார்

திருமழிசை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிவேதிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறையில்லை, அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். மனசுதான் நாலு நாளாக ஒரு இடத்தில் நிற்கவில்லை. போனில் சொல்லலாமென்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

புதன்கிழமை கம்பெனியில் என் பக்கத்தில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் வேலை செய்யும் ஜெயப்பிரியாவுக்கு வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. கை உள்ளே போகாமல் காக்கும் அந்த மிஷினின் தடுப்பு மூடியை ரிப்பேருக்கென்று கழற்றிப் பதினைந்து நாளாகிறது, திரும்ப மாட்டவேயில்லை. மறுநாள் சூப்பர்வைசர் நாகேந்திரன் ஒரு இங்கிலீஷ் காகிதத்தைக் கொண்டுவந்து, அடிபட்ட விவரம்தான், சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். எங்களோடு வேலை செய்யும் உத்தமன் போட்டுவிட்டான். நான் கையெழுத்துப் போடாமல் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், ஜெயப்பிரியா பேருக்குப் பக்கத்தில் ரிமூவ் என்று இருந்தது. 'டு நாட் ரிமூவ்', கழற்றாதே என்று அந்த மூடியில் எழுதியிருந்ததைப் பன்னிரண்டு வருஷம் பார்த்தவளாயிற்றே, அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும். மூடியை அவளே கழற்றினாள் என்று எழுதிவிட்டார்கள். அவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "நான் எங்க கயட்டினேன் அக்கா, அது அங்க இல்லவே இல்லியே" என்று அழுதாள்.

காகிதத்தோடு மேனேஜரிடம் போனேன். அவருக்குத் தமிழ் வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சாரி சார், ஓகே சார், தேங்க்யூ சார். இத்தனை வருஷத்தில் தலையாட்டுவதற்கான இங்கிலீஷ் மட்டுமே கற்றிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நீ ஒருநாள் என்னோடு போனில் இருக்கும்போதே உன் ஹவுஸ் ஓனரிடம் இங்கிலீஷில் சண்டை போட்டது ஞாபகம் வந்தது, நீ சொன்னதற்கு அர்த்தம் கேட்டபோது எனக்குச் சம்மதமில்லை என்றாயே, அதையே எடுத்தேன். "நாட் ஃபேர் சார். ஐ டோன்ட் அக்ரீ சார்" என்றேன். சார் போடாமல் வாய் வரவில்லை. அவர் கடகடவென்று கத்தினார், ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் அதையே சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமையே என்னை லோடிங் பக்கம் மாற்றிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் உத்தமன் வந்து, படிக்காமல் போட்டுவிட்டேன் அக்கா என்று தலைகுனிந்தான், பிறகு அவனே போய்க் கையெழுத்தைத் திரும்பப் பெற்றான். சாட்சியில்லாமல் நேற்று அந்தக் காகிதம் ரத்தாகிவிட்டது. ஆனால் நாளைக்குப் பெரிய ஆபீஸிலிருந்து ஒருவர் விசாரிக்க வருகிறாராம், யெஸ் நோ மட்டும் சொல்லுங்கள் என்கிறார் நாகேந்திரன். எனக்கு அது போதாது. மூடி பதினைந்து நாளாக இல்லை, நாங்கள் கேட்டும் மாட்டவில்லை, அவள் மேல் தப்பில்லை. இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு, சின்னச் சின்ன வாக்கியமாக இருக்கட்டும். வேலை போய்விடும் என்று அப்பா பயப்படுகிறார். எனக்கும் பயம்தான். இன்று காலையில் ஜெயப்பிரியாவைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ மட்டும் தனியா பேசாதக்கா, நானும் வரேன்" என்றாள். எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் இரண்டு பேரும் போகிறோம்.

நேரத்துக்குச் சாப்பிடு. இன்றைக்குள் மறக்காமல் அனுப்பு, சொல்லிப் பழக வேண்டும். எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் வாழ வேண்டும், கண்ணு.

உன் அம்மா
ஞானம்மாள்