கதவோரம் ஒரு விசில்

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்களா, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

அப்பாவின் மறதிக்காக நீ அனுப்பிய கதவுப் பெட்டியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். கதவு திறந்தால் "அப்பா, வெளிய போகாதீங்க, உள்ள வாங்க" என்று உன் குரலில் அழகாகத்தான் பதிந்திருந்தாய். ஆனால் உன் குரல் கேட்டதும் நீ வாசலில் வந்து நிற்கிறாய் என்று நினைத்து, உன்னைத் தேடித் தெருவில் இறங்கிவிட்டார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. கடைசியில் மருந்துக்கடைக்காரர்தான் மெயின் ரோட்டிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்தார், எனக்கு உயிரே போய்விட்டது. இது சரிப்படாவிட்டால் பூட்டுப் போடு, இல்லையென்றால் ஹோமில் சேர்க்கலாம் என்று நீ சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷனை எப்படியடி பூட்டி வைப்பேன், எனக்கு மனசே வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவரோடு வேலை பார்த்த கண்டக்டர் மாமா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இவன் என் பேச்சை என்னைக்குக் கேட்டான், விசிலத்தான் கேப்பான் என்று சிரித்தார். உன் குரலை எடுத்துவிட்டு ஒரே ஒரு விசில் ஊதிப் பதிந்தார். ஒரு விசிலுக்கு நிறுத்து, இரண்டுக்குக் கிளம்பு, அதுதானே அவர்கள் கணக்கு. மறுநாள் காலை அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார், விசில் அடித்தது, பிரேக் போடுவதுபோல வலது காலைத் தரையில் ஒரு அழுத்து அழுத்தி அப்படியே நின்றுவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மூன்று வாரமாக இப்படித்தான், நான் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு வந்து சேரும்வரை நகரமாட்டார். சாயங்காலம் மாமா விட்டுப்போன விசிலை நானே இரண்டு தடவை ஊதி அவரைப் பார்க்குக்குக் கூட்டிப்போகிறேன், எதிர்வீட்டு டீச்சர் என்னைக் கண்டக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். உன் குரலை அழித்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

முந்தாநாள் அப்படி நின்றவர் திரும்பி, எல்லாரும் ஏறியாச்சா என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, நம்ம பொண்ணு மட்டும் இன்னும் வரல என்றேன். உன் பெயர் அவர் வாயில் வந்து மூன்று மாதம் ஆகிறது, அன்றும் வரவில்லை. ஆனால் வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, அப்ப வண்டிய எடுக்க மாட்டேன், அவ வரட்டும் என்றார். நான் அழுதுவிட்டேன், சந்தோஷமாகத்தான்.

ஹோம் பேச்சை இத்தோடு விடு. பெட்டிக்கு பேட்டரி எப்படி மாற்றுவது என்று மறக்காமல் எழுது. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருங்கள். லீவு எப்போது என்று சொல், அப்பா இன்னும் வண்டியை எடுக்கவில்லை.

உன் அம்மா