சொந்தக்காரர் மனு

அந்தோணியார் தெரு,
கீரப்பாளையம் வழி,
6.7.2025

அன்புத் தம்பி சந்தியாகுவுக்கு,

அக்கா ஞானமேரி எழுதுவது. மூட்டுவலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. செம்மண்டலத்தில் எல்லாரும் சுகம்தானே? போனில் கேட்டால் "அப்பறம் பேசறேங்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

போன வருஷம் ஜூனில் எங்கள் தெரு மனுவை நீ வேலை பார்க்கும் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கே வந்து உன் கையில் கொடுத்தேன். வாய்க்கால் குறுக்கே கிடக்கும் பனைமரத்துக்குப் பதிலாகப் பாலம் வேண்டும் என்று நாற்பத்தொரு பேர் எழுதியது. எம்.எல்.ஏ. ஐயா மூலமாகச் சட்டமன்ற மனுக்கள் குழுவுக்குப் போகும் என்றாய். சொந்தத் தம்பியிடம் ரசீது கேட்க எனக்குக் கூச்சம்.

டிசம்பர் மழையில் எங்கள் தெருத் தைலம்மாள் அந்த மரத்தில் வழுக்கி விழுந்து செத்தாள். அவள் மகன் கோவிந்தசாமி ஐயா மேல் சிதம்பரம் கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறான். மனுவே வரவில்லை என்று ஐயா எழுதிக் கொடுத்துவிட்டார். நான் கொடுக்கவே இல்லை என்று தெருவில் பேசுகிறார்கள்.

அவன் வக்கீல் அருள்மொழி சொன்னார்: "சட்டசபையில அவுரு பேசலன்னு கேஸ் போட முடியாதும்மா. ஆனா மக்கள் குடுத்த மனு ஆபீஸ்லயே நின்னு போச்சுன்னா, அதுக்கு யாரு பொறுப்புன்னு கேக்கலாம்."

மனு எங்கே போனது? உண்மையை எழுது.

உன் அக்கா,
ஞானமேரி

செம்மண்டலம்,
கடலூர்,
19.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மனு எங்கும் போகவில்லை. என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

எனக்கு முன்னால் ஐயாவிடம் உதவியாளராக இருந்த ராமாமிர்தம் சார் பழக்கிவிட்ட வழக்கம் இது. சொந்தக்காரர் மனு வந்தால், மற்ற மனுக்களெல்லாம் போன பிறகுதான் ஐயா மேஜைக்குப் போகவேண்டும். அக்கா தெருவுக்குப் பாலம் வாங்கிக் கொடுத்தான் என்று ஒருத்தர் பேசிவிடக் கூடாது. அதை நேர்மை என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். மற்ற மனுக்கள் தீரவே இல்லை அக்கா. செப்டம்பரில் மனுக்கள் குழு கடலூருக்கு வந்தபோது உன் மனு ஞாபகத்திலேயே இல்லை. தைலம்மாள் செய்தி வந்த அன்றுதான் இழுப்பறையைத் திறந்தேன்.

ஐயா பொய் சொல்லவில்லை. அவர் அதைப் பார்க்கவே இல்லை. மகள் மேரி ஷாலினிக்கு இப்போதுதான் வரன் கூடி வருகிறது. எனக்கு வேலை போனால் அதுவும் போகும். படித்ததும் இதைக் கிழித்துவிடு. உன் காலில் விழுகிறேன்.

தம்பி,
சந்தியாகு

அந்தோணியார் தெரு,
2.8.2025

சந்தியாகு,

கிழிக்கத்தான் எடுத்தேன். அந்நேரம் பார்த்துக் கோவிந்தசாமி வாசலில் வந்து நின்றான். "அக்கா, அந்த மனுவுல எங்கம்மாவும் கையெழுத்து போட்டுச்சா?" என்றான். போட்டாள். விரலில் மையைத் தடவி அவள் கைநாட்டு வைக்கும்போது நான்தான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. உன் கடிதத்தை அவனிடம் கொடுத்துவிட்டேன்.

ஷாலினியை மறந்து இதைச் செய்யவில்லை. நீ என்னோடு பேசாமல் போனாலும் நான் தப்பாக நினைக்கமாட்டேன். அந்த மனுவை மட்டும் எதுவும் செய்துவிடாதே.

போன வருஷம் கோவிந்தசாமிதான் மனுவை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் போகிறேன் என்றான். "எந்தம்பி இருக்கான், நீ எதுக்கு அலையற" என்று சொல்லி நான் வாங்கிக்கொண்டு வந்தேன். அவன் கொண்டு வந்திருந்தால் மறுநாளே ஐயா மேஜைக்குப் போயிருக்கும்.

அக்கா,
ஞானமேரி