அண்ணி செய்த பாட்டு

மார்ச் 4

அன்புள்ள வாலு,

நலம்தானே? நீ அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. அத்தை அதைப் பிரிக்கவே விடவில்லை. "பொண்ணு வந்தா போத்திக்குவா" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். உன் அண்ணன் தவறிய சமயம் வந்துவிட்டுப் போனவள்தான் நீ. ஒரு வருஷம் ஆகப்போகிறது, ஞாபகம் இருக்கட்டும்.

ஃபோனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு விஷயம், சிரிக்காதே. நான் ஒரு பாட்டு செய்திருக்கிறேன். பாடியதில்லை, எல்லாம் கம்ப்யூட்டரில் செய்தது. செயற்கைப் பல் செய்யும் லேபில் நாள் முழுக்க ஊராருக்குப் பல் கட்டிக்கொடுத்துவிட்டு வந்து, சாயங்காலம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் காப்பி ஆறுவதுகூடத் தெரிவதில்லை. இங்கே பழைய சலவைக்கூடம் ஒன்றில், என்னைப் போல வீட்டில் எலக்ட்ரானிக் இசை செய்கிறவர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். நாம் கொண்டுபோவதைப் பெரிய ஸ்பீக்கரில் போடுவார்களாம். முன்பின் தெரியாதவர்கள் கேட்பார்கள், பிடித்தால் ஆடுவார்கள். துணிந்து பெயர் கொடுத்துவிட்டேன். இப்போது உதறல் எடுக்கிறது.

நீ விளம்பரத்துக்கும் தொடர்களுக்கும் ஒலி சேர்க்கிறவள். ஃபைலை அனுப்பியிருக்கிறேன். நாத்தனாராகக் கேட்காதே, ஸ்டூடியோவில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி கேட்டுச் சொல். நடுநடுவே உன் அண்ணன் குரல் வரும். ஃபோனில் எனக்கு விட்டிருந்த செய்திதான். மனதைத் திடப்படுத்திக்கொள். அத்தை தினமும் "அவன் வர்ற இடத்தப் போடு" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

உன் அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணி,

சிரிக்கவில்லை. முதல் தடவை பாட்டை முழுதாகக் கேட்கவில்லை. அண்ணன் "கீழ நிக்கிறேன், சாவிய மறந்துட்டேன்" என்றதும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன். அந்த மனுஷனுக்காக எத்தனை தடவை மாடி இறங்கி வந்திருப்பீர்கள்! மறுநாள்தான் ஒழுங்காகக் கேட்டேன்.

ஆரம்பத்தில் 'டுர்ர்' என்று நடுங்கிக்கொண்டே வருகிறதே, அது என்ன? நான் தேடி அலைந்தாலும் அப்படி ஒரு சத்தம் கிடைக்காது. அதன்மேல் தாளம் ஒரேயடியாக விழாமல் ஒவ்வொன்றாக வந்து உட்காருகிறது. யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை இது. பொறாமையாக இருந்தது.

அடியில் கனமாக ஓடும் பேஸும் டிரம்மும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. டிரம் விழும்போதெல்லாம் பேஸைக் கொஞ்சம் தாழ்த்திப் பாருங்கள், இரண்டுமே தெளியும். எதிரொலியை எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறீர்கள். குளியலறையில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கிறது. அந்த மணி போன்ற மெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், போதும். கடைசியில் கொஞ்சம் இழுக்கிறது.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை. அண்ணன் குரலை எடுத்துவிடுங்கள், அண்ணி. மெட்டு எழும்பி எங்கேயோ போகப் பார்க்கும்போதெல்லாம் குரல் வந்து அதை நிறுத்திவிடுகிறது. நமக்கு அது அண்ணன். அங்கே நின்று கேட்கிறவர்களுக்கு?

கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

உங்கள் வாலு


மார்ச் 14

வாலு,

பேஸைத் தாழ்த்தினேன். எதிரொலியைக் குறைத்தேன். நீ சொன்னது சரி. அந்த 'டுர்ர்', லேபில் பல் அச்சுக்கு ஊற்றும் பிளாஸ்டரில் இருக்கும் காற்றுக் குமிழி போவதற்காக அதை உதறும் மெஷின். ஃபோனில் பிடித்தேன்.

குரலை எடுக்க மாட்டேன். சட்டைகளைக் கொடுத்தாயிற்று. பைக்கை விற்றாயிற்று. பேங்க் கணக்கிலிருந்து பெயரை எடுத்தாயிற்று. ஒவ்வொன்றுக்கும் யாராவது வந்து, "எடுத்துடும்மா, அதான் உனக்கு நல்லது" என்றார்கள். கடைசியில் நீயும் வந்துவிட்டாய்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். பாட்டுக்காகச் சொன்னாயா, உன்னால் கேட்க முடியவில்லை என்று சொன்னாயா?

அத்தை சுகம்.

அண்ணி


மார்ச் 18

அன்புள்ள அண்ணி,

இரண்டும்தான். என்னால் கேட்க முடியவில்லை. அதனால் என் காதையே நம்பாமல், பக்கத்து அறை எடிட்டரைக் கூப்பிட்டேன். யார் செய்தது, யார் குரல் என்று மூச்சு விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். காலால் தாளம் போட்டார். குரல் வந்ததும் கால் நின்றுவிட்டது. முடிந்ததும், "யாருங்க இந்தாளு? பாட்டு நல்லா ஏறும்போதெல்லாம் வந்து கதவத் தட்டுறாரு?" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. அண்ணன் காதில் விழுந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

நான் சொன்னதற்காக எடுக்க வேண்டாம். உங்கள் பாட்டு. குரலோடு போட்டாலும் நான் உங்கள் பக்கம்தான். அந்த பைக்கை விற்கச் சொன்னவர்களோடு மட்டும் என்னைச் சேர்த்துவிடாதீர்கள்.

உங்கள் வாலு


ஏப்ரல் 2

என் அருமை வாலு,

பதில் போடாமல் இருந்தது கோபத்தில்தான், மறைப்பானேன். ஆனால் அந்த எடிட்டர் சொன்னதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அவன் அப்படித்தான். எப்பவும் தப்பான நேரத்துலதான் வருவான்."

அந்தச் சிரிப்பில் ஒரு தைரியம் வந்தது. நகல் ஒன்று எடுத்து, அதில் குரலை நீக்கிப் பார்த்தேன். பல் பிடுங்கின இடம் மாதிரி இருந்தது. நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது. சும்மா விடாமல் மணி மெட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அது தானாகவே ஏறிப் போயிற்று. எங்கே போகப் பார்த்தது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அத்தைக்குப் போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அவன் எங்க?" என்றார்.

"இதுல இல்ல அத்தை. அவர் பேசினது தனியா இருக்கு, எப்ப வேணும்னாலும் போடறேன்."

அத்தை என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப இது உன் பாட்டு. இன்னொரு தடவ போடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சலவைக்கூடத்தில் போட்டார்கள். 'டுர்ர்' வந்ததும் தரையே அதிர்ந்தது. முதலில் ஒருவரும் அசையவில்லை. வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். பிறகு முன்னால் நின்ற ஒரு பெண் தோளை ஆட்டினாள். மணி மெட்டு ஏற ஏறப் பாதிக் கூடம் ஆடியது. அவர்களில் ஒருவருக்கும் என் கதை தெரியாது, வாலு. ஒருவரும் என்னைப் பாவமாகப் பார்க்கவில்லை. ஒரு வருஷமாக அப்படி ஓர் இடத்தில் நான் நின்றதே இல்லை. நானும் ஆடினேன். பக்கத்தில் இருந்தவர் காலை மிதித்துவிட்டேன்.

அடுத்ததை ஆரம்பித்திருக்கிறேன். முதல் நிமிடம் இத்துடன் வருகிறது. எங்கேயோ இடிக்கிறது, எனக்குப் பிடிபடவில்லை. கேட்டுச் சொல். போன தடவை போலவே, பயப்படாமல் சொல்.

உன் அண்ணி