நான் குடிக்கவில்லை

7 ஜூலை 2025, திங்கள்
மறுபடியும் வந்துவிட்டது. இடது கண்ணில் முதலில் வெல்டிங் பொறி மாதிரி வெளிச்சம், அப்புறம் பார்க்கிற எதிலும் பாதி காணோம். அரை மணியில் தலைவலி, வாந்தி. பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனை ஷெட்டில் போட்ட பிறகு வந்ததால் பிழைத்தேன். கண்ணாடி போடு, தைலம் தேய், ஆம்பளப் பையனுக்கு என்னடா தலைவலி! இருபத்தாறு வயதில் எனக்கு ஊரெல்லாம் டாக்டர்கள்.

10 ஜூலை, வியாழன்
பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டையெல்லாம் திருப்பிவிட்டதில் மதியம் சாப்பிடவே இல்லை. சாயங்காலம் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் அந்த வெளிச்சம் வந்தது. வேனுக்குள் பதினான்கு பிள்ளைகள். ஓரம் கட்டினேன். வேறு டிரைவரை அனுப்பச் சொல்லி முதலாளிக்குப் போன் செய்தேன். இறங்கி வாந்தி எடுத்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா சரோஜா ஸ்கூட்டரில் வந்தார். "குடிச்சிட்டா எங்க புள்ளைங்கள ஏத்திட்டு வர்ற?" கேட்டுக்கொண்டே வீடியோ எடுத்தார்.

11 ஜூலை
குடிகாரனாம்! பெற்றோர் வாட்ஸ்அப் குரூப் முழுக்க என் மூஞ்சி. ஒரு சொட்டு தொட்டதில்லடா நான். அம்மா வீடியோவைப் பார்த்தாள். கிட்ட வந்து என் வாயை முகர்ந்து பார்த்தாள்.

12 ஜூலை
முதலாளி பக்ருதீன் பாய் நல்ல மனுஷன். "சாப்பாடு ஒத்துக்கலன்னு சொல்லிடலாம், அன்பு. செவ்வாக்கிழமை வந்து வண்டிய எடு." கண்ணில் வெளிச்சம் வருவது அவருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் என் பேர் மிஞ்சும், வேலை போகும். சொல்லாவிட்டால்... பதினான்கு பிள்ளைகள். என்ன எழவு பொழப்பு இது?

14 ஜூலை
மைக்ரேன் என்றார் டாக்டரம்மா. தினம் ஒரு மாத்திரை, வேளைக்குச் சாப்பாடு, சரியான தூக்கம். எப்போது வருகிறது என்று எழுதி வைக்க வேண்டுமாம். "கண்ணுல வெளிச்சம் வர்றது நிக்கிற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாதுங்க." எத்தனை மாசம்? "பாக்கலாம்." பாக்கலாமாம்! அவங்களுக்கென்ன.

15 ஜூலை
பாயிடம் சீட்டைக் காட்டினேன். எவ்வளவு நாளாக என்று கேட்டார். மூன்று வருஷம் என்றேன். "புள்ளைங்கள வெச்சுக்கிட்டாடா?"
இத்தனை நாள் ஊர்மேல் இருந்த கோபம் என்மேலேயே திரும்பிவிட்டது. சாவியை மேஜைமேல் வைத்தேன். குரூப்பிலும் என் பேர் போட்டு எல்லாவற்றையும் எழுதினேன். ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

4 ஆகஸ்ட்
அதே வேனில் கதவு திறந்து மூடுகிறேன். சம்பளம் கம்மி. புது டிரைவர் கிளட்சிலிருந்து காலையே எடுப்பதில்லை, பாவி.

19 செப்டம்பர், வெள்ளி
இந்த மாதம் ஒரே ஒரு தடவைதான் வந்தது.
காலையில் பிள்ளையை ஏற்றிவிட்டு சரோஜா அங்கேயே நின்றார். குரலைத் தாழ்த்தி, "தம்பி, நீங்க எந்த டாக்டர்கிட்ட போறீங்க?" என்றார். காலேஜ் படிக்கிற பெரிய பெண்ணுக்கும் இதேதானாம். வெளிச்சம், வாந்தி, எல்லாம். "வெளிய சொல்லிடாதீங்க. வரன் வந்துட்டிருக்கு."
உடம்பெல்லாம் எரிந்தது. என்னை ஊருக்கே காட்டின கை, இப்போது புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்கிறது. நாக்கு வரை வந்ததை விழுங்கினேன்.
"காலேஜுக்கு எதுல போவுது?"
"ஸ்கூட்டர்லதான்."
"சாயங்காலமே சாவிய வாங்கி வெச்சிடுங்க, அக்கா."
டாக்டரம்மா வரும் கிழமையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.