கால் வரும், வாய் வராது

ஐன் தலூன்
வெள்ளிக்கிழமை

என் கண்ணே பெர்லா,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள், கையெழுத்து கோணினால் அது தூக்கக் கலக்கம். உன் தம்பி எலியோ இப்போதுதான் கண் அசந்தான், அவன் மூச்சு வந்து போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். இந்த வீட்டு நான்கு பேரில் மூன்று பேர் சுகம். நான்காவது ஆள் மாண்ட்ரியாலில் சுகமாக இருக்கிறாளா என்பதை அவள் கைப்பட எழுதினால்தான் நம்புவேன், தொலைபேசியில் நீ எதற்கெடுத்தாலும் நல்லா இருக்கேம்மா என்று ஒரே பாட்டைத்தான் பாடுகிறாய். ஃபாதர் மிகாயேலின் தங்கை ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறாள், அவள் பெட்டியில் ஸஅத்தர் பொடிப் பொட்டலத்துக்கும் ஆப்பிள் வற்றலுக்கும் நடுவே இந்தக் கடிதத்தைச் செருகிவிடுவேன். பேசிச் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். பக்கத்து அறையில் உன் அப்பா இருக்கும்போது இதைப் பேசிச் சொல்ல எனக்கு வராது, அதுவும் தவிர நான் பார்த்ததை நிதானமாக வரிசைப்படுத்திப் பார்க்க எனக்கே ஒரு காகிதம் தேவைப்படுகிறது.

ஊராட்சித் தேர்தலைப் பற்றி நீ போன மாதம் கேட்டிருந்தாய். பாதி மாரோன் கிறிஸ்தவர், பாதி ட்ரூஸ் என்று இருக்கிற நம் ஊரில் தலைவர் நாற்காலி நம்முடையது, துணைத்தலைவர் நாற்காலி அவர்களுடையது என்று எந்தச் சட்டத்திலும் எழுதாத ஓர் ஏற்பாடு இருந்தது உனக்குத் தெரியும். இந்த முறை நம் பக்கத்து வீட்டு நாயிஃப் ஷேக் தலைவர் பதவிக்கே நிற்கிறார் என்றதும் ஊர் இரண்டுபட்டது. அவர் சாதாரண ட்ரூஸ்காரர்கூட இல்லை, வெள்ளைத் தொப்பி வைத்து, தலையை மழித்து, கறுப்பு உடுத்தி, புகையிலையைத் தொடாமல், வியாழன் மாலை தவறாமல் பிரார்த்தனைக்குப் போகிற ஷேக். அப்படிப்பட்டவர்கள் அரசியல் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. நீ எழுதியிருந்தாய், அவர் எந்தக் கடவுளை எப்படிக் கும்பிட்டால் நமக்கென்ன, ஊர்ப் பள்ளத்தில் குப்பை எரிப்பதை அவர் நிறுத்தினால் போதாதா என்று. படித்த பெண், சரியாகத்தான் எழுதியிருந்தாய். நானும் உன்னை மடியில் போட்டுக்கொண்டு கல்லூரிப் பரீட்சைக்குப் படித்தவள்தான், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உன் அப்பாவிடம் அதைச் சொல்ல முடியுமா. அவருடைய சித்தப்பாவைப் போர்க்காலத்தில் அவர்கள் ஆட்கள்தான் நீரூற்றுக்குப் போகிற பாதையில் சுட்டுப் போட்டார்கள், அப்போது இவருக்கு ஆறு வயது. போர் முடிந்து நாம் ஊர் திரும்பி இத்தனை வருடத்தில் அவர் நாயிஃப் ஷேக்குக்கு மதில் மேலாக வணக்கம் சொல்வார், ஆப்பிளுக்கு மருந்தடிக்கிற நாளைப் பேசிக்கொள்வார், அந்த வீட்டு வாசற்படியை மட்டும் மிதித்ததில்லை. நாயிஃப் ஷேக் போரில் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை.

இன்னொன்றும் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், கோபித்துக்கொள்ளாதே. பனிக்காலத்தில் ஒரு மத்தியானம் பள்ளத்துப் புகை அடர்த்தியாக ஏறி எலியோவுக்கு மூச்சு முட்டிவிட்டது, உதடு நீலமாகிவிட்டது. உன் அப்பா பெய்ரூத்தில் இருந்தார். வண்டியை எடுத்தவர் நாயிஃப் ஷேக். மருத்துவமனை வராந்தாவில் குழந்தைக்கு மூச்சு திரும்புகிறவரை நின்றுகொண்டே இருந்தார், உட்காருங்கள் என்றாலும் உட்காரவில்லை. பள்ளத்து நெருப்பை நிறுத்தத் தேர்தலுக்கு நிற்கப்போவதாக அவர் சொன்னது அதற்கு அடுத்த வாரம்.

எதிர்த்து நின்றது யார் தெரியுமா, உன் அப்பாவின் பெரியப்பா மகன் பூலுஸ்தான். வாக்குப்பதிவுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தான், எலியோவுக்குப் பொம்மை லாரி ஒன்று கொண்டுவந்தான், அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. குப்பைப் பள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். "அண்ணி, கீழ் ஊர் குப்பை லாரி வர்றதாலதான் ஊராட்சில நாலு காசு புழங்குது. புகை எல்லா ஊர்லயும் இருக்கு. ஆனா இந்த மலைல நமக்குன்னு மிச்சம் இருக்கறது இந்த ஒரு நாற்காலி. அதையும் குடுத்துட்டா நம்ம புள்ளைங்க எல்லாம் உங்க பெர்லா மாதிரி விமானம் ஏற வேண்டியதுதான்" என்றான். அந்தக் கடைசி வார்த்தை என்னைக் குத்தியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுல அந்த வெள்ளைத் தொப்பிக்காரங்க ஒரு வாய் காப்பி குடிச்சிருக்காங்களா, கேட்டுப் பாருங்க. எங்கப்பா செத்தப்பகூட வந்தாங்க, நின்னாங்க, தட்டு வந்ததும் நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டாங்க. நம்ம கைத் தண்ணியே அவங்களுக்கு ஆகாது, அவங்களுக்கா ஓட்டு" என்றான். உன் அப்பா தலையை ஆட்டினார். பூலுஸ் சொன்னது பொய்யில்லை. சுங்க அதிகாரியாக இருந்த அவன் அப்பா வீட்டில் அவர்கள் எதையும் வாயில் வைத்ததில்லை என்பது ஊரறிந்த கதை, மதவெறிக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் நம்மவர்கள் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் நம் வீட்டுக்கு வந்தால் குடிப்பார்கள். ஆப்பிள் தோட்டத்து ஜனங்கள் நாம், தலைக்கனம் இல்லாதவர்கள், அதனால்தான் என்று நாமே நம் தோளைத் தட்டிக்கொள்வோம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால் போய் நின்றபோது கை நடுங்கியது பெர்லா. எலியோவின் நீல உதட்டை நினைத்துக்கொண்டு நாயிஃப் ஷேக்கின் வேட்பாளர் பட்டியலை உறையில் போட்டேன். அவர் நம்பிக்கையை நினைத்து அல்ல, அதைக் கண்ணை மூடித் தாண்டிவிட்டு. திரும்பி வருகிற வழியிலேயே உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், மறைத்து வைத்து எத்தனை நாள் குடித்தனம் செய்ய முடியும். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே, "சரி" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வீட்டில் சொல்லே இல்லை. நாயிஃப் ஷேக்கின் ஆட்கள் நூலிழையில் ஜெயித்தார்கள். புதன்கிழமை புதிய உறுப்பினர்கள் கூடி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வாழ்த்துச் சொல்ல வருகிறவர்களைச் சமாளிக்க அவர் மனைவி அதீபா அத்தை தனியாகத் திண்டாடுவாளே என்று நான் போனேன், உன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போனேன். முற்றத்தில் நம்மவர்கள் கொஞ்சம் பேர், ஃபாதர் மிகாயேல், பள்ளிக்கூட ஆசிரியர்கள். அப்போது கீழ்த்தெருவிலிருந்து ஷேக்குகள் வரிசையாக ஏறி வந்தார்கள். அந்தக் காட்சியை எப்படி எழுதுவேன். சாய்ந்த வெயிலில் அத்தனை வெள்ளைத் தொப்பிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வர, முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் தாமாக எழுந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் கிழவர் ஷேக் ஹமத், நாயிஃபுக்கு மறைநூலெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான் என்பார்கள். இரண்டு பேரும் குனிந்து ஒருவர் கையை ஒருவர் முத்தமிட்டுக்கொண்டார்கள், யார் முதலில் விடுவது என்று தெரியாமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்கள். நான் காப்பித் தட்டோடு போனேன். ஷேக் ஹமத் நெஞ்சில் கை வைத்துத் தலையை அசைத்தார். அடுத்தவரும் நெஞ்சில் கை. அதற்கு அடுத்தவரும். கடைசி ஆள்வரை போய்விட்டு நிரம்பிய தட்டோடு திரும்பினேன், முகம் பற்றி எரிந்தது. பூலுஸ் சொன்னதுதான் நிஜம், நம் வீட்டில் குடித்ததெல்லாம் வெறும் முகத்தாட்சண்யம், என் கை அவர்களுக்கு ஆகவில்லை, இவர்களுக்காகவா என் புருஷனின் மௌனத்தைச் சுமக்கிறேன் என்று நினைத்தேன்.

சமையலறைக்குள் தட்டை வைத்த வேகத்தில் காப்பி சிந்தியது. "இந்தா, உன் கையால கொண்டு போய்க் குடு. என் கை தீட்டு போல" என்றேன். அதீபா அத்தை என்னைப் பார்த்தாள், பிறகு தலைத் துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர். "அடி பைத்தியமே, உன் கைக்கு என்னடி. இனிமே என் கையாலயும் குடிக்க மாட்டாங்க. நேத்து வரைக்கும் இது நாயிஃப் வீடு. இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து சர்க்கார் வீடு. வரிக் காசு யாரோட கண்ணீர்னு யாருக்குத் தெரியும், அது கலந்திருக்கிற வீட்டுல எங்க ஷேக்குங்க பச்சத் தண்ணி குடிக்க மாட்டாங்க. சம்பளம் வேணாம்னு இந்த மனுஷன் எழுதிக் குடுத்தாச்சு, ஆனாலும் வழக்கம் வழக்கந்தான்" என்றாள். சுங்க அதிகாரி வீடு என் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் நம் மதத்துக்கு நடந்த அவமானம் என்று நாம் சொல்லித் திரிந்தது நம் மதத்தைப் பற்றியதே இல்லை. இது தெரிந்துமா நின்றார் என்று கேட்டேன். "நானும் அதத்தான் கேட்டேன். ஷேக்கே, நாப்பது வருஷமா நம்ம வீட்டு அடுப்புல உங்க சிநேகிதங்களுக்குத்தான் காப்பி கொதிச்சுது, நாளைலேர்ந்து ஒருத்தர் குடிக்க மாட்டாங்க, தெரியுமில்லன்னு கேட்டேன். காப்பித்தூள் மிச்சம்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டார். தூங்கல. எனக்குத் தெரியும்" என்றாள்.

நான் மறுபடி தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஷேக் ஹமத் புறப்பட எழுந்திருந்தார். நாயிஃபின் தோளைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "கதவு சாத்தலடா மகனே. கால் வரும், வாய் வராது" என்றார். நாயிஃப் ஷேக் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் பார்த்தேன், வாசலில் உன் அப்பா நிற்கிறார். எலியோவுக்குப் பசிக்கிறதாம் என்று என்னைக் கூப்பிட வந்தவர், வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்று அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறார், யாரும் தொடாத என் தட்டையும் பார்த்திருக்கிறார். ஷேக்குகள் ஒவ்வொருவராக வெளியேற இவர் ஒதுங்கி வழிவிட்டார். முற்றத்தில் நாற்காலிகள் காலியாகிக் கிடந்தன. உன் அப்பா படியை மிதித்து உள்ளே வந்தார், என் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தார், ஷேக் ஹமத் எழுந்து போன அதே நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஷேக்கே, காப்பி ஆறிப்போச்சு" என்றார். நாயிஃப் ஷேக் தலையை நிமிர்த்தினார். "சூடா ஒண்ணு கொண்டுவரச் சொல்லட்டுமா" என்றார். "சொல்லுங்க" என்றார் உன் அப்பா. நான் தட்டோடு உள்ளே போனேன் பெர்லா. அதீபா அத்தைக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஏற்கெனவே அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று காலையில் துணி உலர்த்தும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொன்றும் பார்த்தேன். ஷேக் ஹமத் தன் வீட்டுக் காப்பியைப் பிளாஸ்கில் கொண்டுவந்து, தன் வீட்டுக் கோப்பையில் ஊற்றி, நாயிஃபோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். நாயிஃப் தன் வீட்டுக் காப்பியைக் குடித்தார். ஒரே மேஜை, இரண்டு வீட்டுக் காப்பி. வழக்கமும் உடையவில்லை, மனுஷனும் தனியாக இல்லை. மூன்றாவது ஆளாக உன் அப்பா போய் உட்காரவில்லை, அவ்வளவு சீக்கிரம் எல்லாம் நடக்காது, ஆனால் மதில் மேலாக ஒரு கூடை பேரிக்காய் போனது.

வேட்பாளரின் கடவுள் யாராயிருந்தால் என்ன என்று நீயும் நானும் சொன்னோம், அதுதான் எல்லாம் என்று பூலுஸ் சொன்னான். நான் பார்த்த அந்த மனிதரின் நம்பிக்கை இந்த இரண்டு பேச்சிலும் அடங்கவில்லை. அதை அவர் யாரிடமும் காட்டி ஓட்டுக் கேட்கவில்லை, அதனால் அவர் எதை இழந்தாரோ அதுவும் ஓட்டுப் போட்டபோது நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி நடுக்கத்தோடு போட்டிருப்பேன். ஆனால் உன் அம்மா பயந்தவள், உனக்குத் தெரியும், பயம் இன்னும் போகவில்லை. இன்றைக்குக் குப்பைக்காக வழக்கத்தின் ஓரத்துக்கு வந்தவர், நாளைக்கு நமக்கு ஒன்று நியாயமாகவும் அவர் நம்பிக்கைக்கு வேறொன்று நியாயமாகவும் பட்டால் எந்தப் பக்கம் நிற்பார். இதை யோசித்து யோசித்துத் தூக்கம் வரவில்லை. உன் படிப்பில் இதற்கெல்லாம் பதில் இருக்கிறதா. பள்ளத்தில் நேற்றிலிருந்து நெருப்பில்லை. எலியோ மூச்சு மருந்துக் குழாய் இல்லாமல் தூங்குகிறான், அதையும் முழுதாக நம்பாமல் காது வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே. ஸஅத்தரைக் காற்றுப் புகாத புட்டியில் வை, போன முறைபோலப் பூச்சி பிடிக்க விடாதே. ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தூங்கிக் கழிக்காதே, கழித்தால் என்னிடம் பொய் சொல்லாதே. கன்னி மாதா உன் வாசலையும் உன் பாதையையும் காக்கட்டும். நம் பாட்டிமார் வாழ்த்துகிற மாதிரி, நீதான் என்னை மண்ணில் வைக்க வேண்டும் என் கண்ணே, நான் உன்னை ஒருநாளும் அல்ல. அப்பா தூக்கத்தில் உன் பெயரைச் சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன். சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா
ஹியாம்