வாசலில் சொல்லி அனுப்பிய வார்த்தை

திருப்பாலைக்குடி,
வியாழக்கிழமை

என் பூனைக்கண்ணு கபீர் மச்சானுக்கு உங்கள் ஜுவைரியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மாமியும் உங்கள் மகள் மாஷிதாவும் இருக்கிறோம். அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதத்தான் வழக்கம். கை வரவில்லை.

நீங்கள் கடலுக்குப் போய் நாற்பத்து மூன்று நாளாகிறது. உங்கள் போனுக்கு நான் பேசி அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால் மாஷிதா நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற கை, பிழை இருந்தால் சிரிக்காதீர்கள். இல்லை, சிரியுங்கள்.

மாஷிதாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அத்தாவுக்குக் காட்டணும் என்று பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். நண்டு ஆக்கினால் தொடுவதில்லை. "ஒனக்கு அத்தா மாதிரி சதை எடுக்கத் தெரியலம்மா" என்று என்னையே குறை சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, உங்களோடு கடலுக்கு வந்த நெய்னா காக்கா வந்தார். தேவிபட்டினத்து வள்ளக்காரர்கள் அவரைத் தண்ணீரிலிருந்து தூக்கிய நாள் முதல் ஊரே "அல்லா காப்பாத்துனான்" என்று அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தது. நான் போகவில்லை. போனது இரண்டு பேர், வந்தது ஒருத்தர். அலையில் பிரிந்துவிட்டோம், அதற்குப் பிறகு கபீரைப் பார்க்கவில்லை என்றுதான் அவர் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இலங்கைக் கரையில் ஏதோ ஜெயிலில் இருக்கிறீர்கள் என்று நினைத்து இத்தனை நாளும் சோறு தின்றேன்.

வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமி, "உள்ள வாயேன்டா, எதுக்கு அங்கன குந்தியிருக்க" என்றதற்கும் எழவில்லை. "தங்கச்சி, நான் பொய் சொல்லிட்டேன்" என்றார்.

வள்ளம் முழுகினபோது உங்கள் இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒரு காலி டீசல் கேன்தானாம். இருவரும் பிடித்தால் அமுங்கியதாம். காலையிலிருந்து உச்சிவெயில் லுஹர் நேரம் வரை மாற்றி மாற்றிப் பிடித்தீர்களாம். அப்புறம் காக்காவுக்குக் கால் மரத்துவிட்டதாம். உங்கள் முறை வந்தபோது அவரால் கையை எடுக்க முடியவில்லையாம். அப்போது நீங்கள் சொன்னீர்களாம்: "நீயே வச்சுக்கடா மாப்ளே. எம் பொண்டாட்டி வாசல்ல நின்னு என்னைய அல்லாகிட்ட அமானத்தா ஒப்படைச்சு அனுப்பியிருக்கா. எனக்கு ஒண்ணும் ஆகாது. ஒம் பொண்டாட்டி நீ கெளம்புறப்ப தூங்கிக்கிட்டுல்ல கெடந்திருப்பா."

சிரித்துக்கொண்டே சொன்னீர்களாம். பிறகு கொஞ்ச தூரம் நீந்தினீர்களாம். நீங்கள் கடைசிக் கலிமா சொன்னது அவருக்குக் கேட்டதாம். அடுத்த அலைக்குப் பிறகு தலை தெரியவில்லையாம்.

தினமும் நான் சொல்கிற வார்த்தைதானே அது. "சொல்லிட்டியா, போகவா?" என்று செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பீர்களே. அதைச் சொல்லிக் கதவைச் சாத்தினால்தான் எனக்குப் பயம் விடும்.

பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் போய்க் கேட்டேன். பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி அமானத்தாகக் கொடுத்ததை அல்லா திருப்பித் தரமாட்டானா என்று. "அவன்கிட்ட குடுத்தது எதுவும் கெட்டுப்போகாதும்மா. கபீர் அவன்கிட்டதான் இருக்காரு" என்றார். "எனக்கு இங்கன வேணும் ஆலிம்சா" என்றேன். அவர், கண்ணால் பார்த்தவர் சாட்சி சொல்லிவிட்டார், ஆனாலும் நீ மனசார ஏற்றுக்கொண்டால்தான் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை வைப்பேன் என்றார்.

மூன்று நாள் நான் தள்ளிப் போட்டேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ளைக்கி மண்ணுதான் கெடைக்கல. ஒரு தொழுகையாவது கெடைக்கட்டும்டி" என்றார்கள். இன்று காலையில் சரி என்று சொல்லிவிட்டேன். என்னை மன்னியுங்கள்.

நாளை ஜும்ஆவுக்குப் பிறகு உங்களுக்காகத் தொழுகிறார்கள். சாயங்காலம் அசருக்குப் பெண்கள் வந்து, நீங்கள் கட்டிய என் கருகமணியைக் கழற்றுவார்கள். நாலு மாசம் பத்து நாள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இத்தா இருப்பேன்.

அதற்கு முன்னால் நெய்னா காக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும். "மன்னிச்சுப் பொருந்திக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு தங்கச்சி, சோறு எறங்கல" என்று கேட்டு அழுதார். இத்தாவில் உட்கார்ந்துவிட்டால் அவர் என் முன்னால் வர முடியாது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை மச்சான். ஆனாலும் அந்த வார்த்தை என் வாயில் வரமாட்டேன் என்கிறது. உங்களிடம் ஒன்று கேட்காமல் அதை எப்படிச் சொல்வது?

அல்லா உங்களைக் குளிர் இல்லாத இடத்தில் வைத்திருக்கட்டும். உங்கள் பிள்ளைக்காக நீங்களும் துஆ கேளுங்கள்.

உங்கள்
ஜுவைரியா

என் வார்த்தையை நம்பித்தான் கேனை விட்டீர்களா மச்சான், இல்லை, காக்கா கூசாமல் வைத்துக்கொள்ளட்டும் என்று சும்மா அப்படிச் சொன்னீர்களா?