ஏழாம் சுரங்கத்துக் காற்று

செவ்வாய்க் கிரகம், புதுத்துறைக் குடியிருப்பு. இரவு 9.10

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மோத்தா மாமாவிடம் கண்டிப்பாகக் காட்டாதீர்கள். அவர் அம்மாவின் அண்ணன். பள்ளிக் கணக்குப் போடுவதற்காக அவர் தந்த கடவுச்சொல்லை வைத்துத்தான் வீட்டிலிருந்தபடியே, சுரங்கங்களின் காற்றளவைக் காட்டும் பலகையின் சர்வருக்குள் நுழைந்திருக்கிறேன்.

பைதான் நிரல்மொழியின் புதிய பதிப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது. சர்வரில் ஏற்கெனவே ஒன்று உண்டு. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே பூமியில் கைவிட்ட பதிப்பு. எங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள எதுவும் அதில் ஓடாது.

அம்மா ஏழாம் சுரங்கத்தில் ஐஸ் வெட்டுகிறாள். சில நாட்களாக வேலை முடிந்து வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். நேற்று உப்பு டப்பாவின் மூடியை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் நின்றாள். பலகையில் ஏழாம் சுரங்கத்தின் ஆக்சிஜன் எப்போது பார்த்தாலும் 21 சதவீதம். ஒரு நாளாவது கொஞ்சம் கூடவோ குறையவோ வேண்டாமா?

9.50

நிறுவியாயிற்று. ஆனால் பைதான் என்று அழைத்தால் பழையதுதான் எழுந்து வந்தது. அந்தப் பெயரைப் புதியதன் பக்கம் திருப்பிவிட்டேன். இப்போது புதியது வருகிறது. சந்தோஷமாக இருக்கிறது. சந்தோஷம்தானா என்று தெரியவில்லை.

10.25

பலகையை ஓட்டும் நிரலைத் திறந்து படித்தேன். சுரங்கத்தில் ஆக்சிஜனை அளக்கும் அளவி உடனே பதில் சொல்லாவிட்டால், கடைசியாக வந்த எண்ணையே மறுபடி காட்டு என்று எழுதியிருக்கிறார்கள். ஏழாம் சுரங்கத்துக் கம்பியில் உறைபனி. அங்கிருந்து பதில் எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

நான் எழுதிய ஐந்து வரி நிரல், பதில் வரும்வரை காத்திருந்தது.

ஏழாம் சுரங்கம்: 16. பத்தொன்பதுக்குக் கீழே போனால் ஆளை இறக்கக் கூடாது என்று பாடத்தில் உண்டு.

மாமாவை இன்டர்காமில் அழைத்துச் சொன்னேன். அவர் சொன்னது:

“ஏட்டி ஜெசிந்தா, ரெண்டு வரி எழுதப் படிச்சதும் எனக்கே பாடம் எடுக்கியா? பலகை இருபத்தொண்ணுங்குது. அதைவிட உனக்குத் தெரியுமாக்கும்? உங்கம்மைக்கு வேலைக்குப் போவ மடி. அதான் தலைவலின்னு சொல்லிட்டுத் திரியுதா. போய்ப் படு.”

இன்னொரு முறை ஓட்டினேன். 16. இன்னொரு முறை. 15.8.

11.02

அபாயச் சங்கு ஊதுகிறது. பலகை இருண்டுவிட்டது.

நான்தான். பலகையை ஓட்டும் நிரல் தினமும் இரவு 11 மணிக்குப் புதிதாகத் தொடங்கும். தொடங்கும்போது பைதானை அழைத்திருக்கிறது. புதியது வந்து, முதல் வரியிலேயே அடைப்புக்குறி இல்லை என்று சண்டை பிடித்து நின்றுவிட்டது. பெயரைத் திருப்பும்போது, வேறு யாரும் அதே பெயரை அழைப்பார்களா என்று நான் யோசிக்கவே இல்லை.

காற்று விசிறிகள்? பார்த்தேன். அவை வேறு இயந்திரத்தில். மறுபடி பார்த்தேன். ஆமாம், வேறு இயந்திரம்தான்.

எங்கள் முன்னோர் முத்துக்குளித்தவர்கள். மேலே கயிறு பிடிப்பவன் கவனம் தப்பினால் கீழே இருப்பவன் ஏறிவிட வேண்டும். இங்கே கயிறு அந்தப் பலகை. அது இருண்டால் எல்லோரும் மேலே வர வேண்டும். ஒளிரும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. மாமாவாலும் அதை மீற முடியாது.

அப்படியானால் அம்மா ஏறிக்கொண்டிருக்கிறாள்.

11.20

ஒலிபெருக்கியில் மாமா:

“சர்வர்ல கை வெச்சது யாருன்னு எனக்குத் தெரியும். பேரச் சொல்லல. பழையபடி ஆக்கிட்டா இத்தோட விட்டுருதேன். பலகை எரிஞ்சதும் ஷிப்ட்டு இறங்கணும்லா.”

ஒரே ஒரு வரி அடித்தால் போதும். பெயர் பழையதன் பக்கம் போய்விடும், பலகையில் 21 வந்துவிடும், என்னை யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அந்த வரியை அடித்தும் விட்டேன். என்டர் மட்டும் தட்டவில்லை.

11.26

அம்மா சுரங்க வாசலிலிருந்து இன்டர்காமில் பேசினாள்:

“ஏட்டி மெர்சி, உறங்கலியா? பலகை... அது போச்சாம்லா. சரியானதும் திரும்ப இறங்கணும். சோத்த... சோத்த மூடி வையி.”

மெர்சி என் சித்தி. பூமியில் இருக்கிறாள்.

அடித்த வரியை அழித்தேன்.

11.31

பழைய பதிப்பை நீக்கச் சொன்னேன். நிச்சயமா என்று கேட்டது. ஆம். காப்புப் பிரதியையும் நீக்கவா என்று கேட்டது. ஆம்.

இனி அது வேண்டுமென்றால் பூமியில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதுவரை பலகை எரியாது. யாரும் இறங்க முடியாது. என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. குடியிருப்பின் சர்வரைக் கெடுத்தவர்களை என்ன செய்வார்கள் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

நடைபாதையில் பூட்ஸ் சத்தம். ஒருவர் இல்லை, இரண்டு மூன்று பேர்.

என் நிரலை மட்டும் அழிக்காதீர்கள். ஓட்டிவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள், பதில் வரும். கடைசியாக நான் பார்த்தது, ஏழாம் சுரங்கம்: 15.1. மாமாவைத் தன் கண்ணால் பார்க்கச்

தட்டுகிறார்கள். அம்மாவிடம் சாவி உண்டு, அவள் தட்ட மா